எட்டுப் பேர் சட்டசபையும் எங்க பக்கத்து ஓட்டுப்பெட்டியும்

ஃபாக்லாந்து தீவுகள்னு ஒரு எடம் இருக்குதுங்க, தென் அமெரிக்காவோட கீழ்க்கோடியில, அர்ஜென்டினா கரையில இருந்து கடல்ல ஒரு 480 கிலோமீட்டர் தள்ளி. பிரிட்டனுக்குச் சேர்ந்த பகுதி, ஆனா பிரிட்டன் அங்கிருந்து 12,000 கிலோமீட்டருக்கும் மேல. பெரிய தீவு ரெண்டு, சுத்தியும் சின்னச் சின்னதா நூத்துக்கணக்குல. 2021 கணக்கெடுப்புல மொத்த சனமே 3,662 பேருதான், நம்ம பக்கம் ஒரு நடுத்தரமான ஊராட்சியில இதைவிட அதிகம் ஆளு இருக்கும். அந்தச் சனத்துக்கு ஒரு சட்டசபை இருக்குது, எட்டு எம்.எல்.ஏ., நாலு வருஷத்துக்கு ஒருக்கா பொதுத்தேர்தல், கட்சின்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

நான் அரசுப் பள்ளியில டீச்சரா இருந்து ரிடையர் ஆனவ. பொறந்த ஊரு வெள்ளகோவில் பக்கம், வேலை பாத்தது பூராவும் ஈரோடு மாவட்டத்துல. எலக்‌ஷன் வந்தா டீச்சருங்களுக்கு டியூட்டி தானா வந்துரும், மொதல்ல போலிங் ஆபீசர், அப்புறம் பிரிசைடிங் ஆபீசர்னு நானும் போயிருக்கேன். அதனால எந்த ஊருத் தேர்தலைப் பத்திப் படிச்சாலும் யாரு ஜெயிச்சாங்கங்கறதுக்கு முந்தி, பெட்டிய யாரு தூக்கிட்டுப் போனாங்க, எங்க வெச்சு எண்ணுனாங்க, போட்ட ஓட்டு இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்க என்ன ஏற்பாடு பண்ணுனாங்கன்னுதான் என் புத்தி போகும். 2025 டிசம்பர் 11ல ஃபாக்லாந்துல தேர்தல்னு ஒரு செய்தி கண்ணுல பட்டுது, அதுல இருந்து அந்தத் தீவைப் பத்திக் கெடைச்சதெல்லாம் படிச்சிட்டே இருக்கேன். அதுல சிலதை நம்ம சனத்துக்குச் சொல்லோணும்னு தோணுது, ஏன்னா நம்ம ஊராட்சித் தேர்தலும் எப்ப வேணும்னாலும் வரலாம்.

அங்க தொகுதி ரெண்டே ரெண்டு. தலைநகரம் ஸ்டான்லி ஒண்ணு, அதுக்கு அஞ்சு உறுப்பினர். ஸ்டான்லியத் தவிர மிச்சம் இருக்கற பூமி பூராவும் இன்னொரு தொகுதி, அதுக்கு மூணு உறுப்பினர், அதுக்குப் பேரே கேம்ப்னுதான். பேரைக் கேட்டுட்டுக் கூடாரம் கீடாரம்னு நினைச்சுக்காதீங்க, ஆட்டுப் பண்ணைக இருக்கற நாட்டுப்புறம் அது. மரமே இல்லாத புல்லுக்காடு, ஓயாத காத்து, ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவுல எவ்வளவோ தூரம். மொத்தத் தீவுலயும் செம்மறி மட்டும் அஞ்சு லட்சம் பக்கம் இருக்குமாம், அவங்க கொடியிலயே ஒரு கடா நிக்குது. கொரங்காட்டுல கிளுவை வேலிக்குள்ள மேச்சேரி ஆடு மேய்றதைப் பாத்து வளந்தவளுக்கு இதைப் படிக்கறப்ப எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம்.

ஆனா ஆட்டுக்காட்டுல இருக்கறவன் எல்லாம் அங்க நிலத்துக்காரனா இருக்கல. ரொம்ப நாளைக்கு முக்கால்வாசிப் பூமி பெரிய பெரிய கம்பெனிக கையில, அதுலயும் ஒரே கம்பெனி கையில நெறைய இருந்துச்சு, முதலாளிமாருக இங்கிலாந்துல. கேம்ப்ல இருந்த குடும்பங்க கம்பெனி ஊட்டுல குடியிருந்து கம்பெனிக்கு ஆடு மேச்சு ரோமம் வெட்டுனவங்க. 1976ல பிரிட்டன் அரசாங்கம் கேட்டு ஷேக்கிள்டன் பிரபுங்கறவரு ஒரு அறிக்கை குடுத்தாரு, இந்தப் பெரிய பண்ணைகளைத் துண்டாக்கி அங்கயே இருக்கற குடும்பங்களுக்கு விக்கோணும்னு. 1980கள்லதான் அது வேகமா நடந்துச்சு. இதை ஏன் சொல்றேன்னா, குடியிருக்கற ஊடும் செய்யற வேலையும் ஒரே ஆளு கையில இருக்கறப்ப, ஓட்டு மட்டும் நம்ம கையிலன்னு சொல்றதுல எவ்வளவு பலம் இருக்கும்? தோட்டத்துச் சாளையில குடியிருந்து பண்ணையம் பாத்த சனம் நம்ம பக்கமும் இருந்துச்சு, இன்னைக்கும் கோழிப் பண்ணையிலயும் செங்கல் சூளையிலயும் வேலை செய்யற எடத்துலயே குடியிருக்கற குடும்பங்க எத்தனை இருக்குது. அவங்க ஓட்டுப் போட வர்ற கோலத்தை பூத்துக்குள்ள ஒக்காந்து பாத்தவ நான்.

ஓட்டுப் போடற முறையும் வேற மாதிரி. ஸ்டான்லிக்காரங்களுக்கு ஆளுக்கு அஞ்சு ஓட்டு வரைக்கும், கேம்ப்காரங்களுக்கு மூணு வரைக்கும். ஒரே சீட்டுல பேரெல்லாம் இருக்கும், எத்தனை பேரு வேணுமோ அத்தனை பேருக்குப் போடலாம், அஞ்சும் போட்டே ஆகோணும்னு இல்ல, ஒருத்தருக்கு மட்டும் போட்டுட்டு மிச்சத்தை விட்டுரலாம். அதிக ஓட்டு வாங்குன மொத அஞ்சு பேரு உள்ள. இது ரொம்ப விசித்திரம்னு நாம நினைக்க வேண்டியதில்ல, 1952லயும் 1957லயும் நம்ம நாட்டுலயே இரட்டை உறுப்பினர் தொகுதிக இருந்துச்சு, அங்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு ஓட்டு, 1961ல சட்டம் கொண்டுவந்து அதை எடுத்துட்டாங்க. எங்க அம்மாயி அந்த மொத எலக்‌ஷன்ல ஆளாளுக்குச் சின்னம் ஒட்டுன தனித்தனிப் பெட்டியில சீட்டுப் போட்டதைச் சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அதை விடுங்க, 2019 டிசம்பர்ல ஊராட்சித் தேர்தல் நடந்தப்ப ஒவ்வொருத்தர் கையிலயும் நாலு சீட்டுக் குடுத்தோமே, வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவங்க நாலையும் பிரிச்சு மடிச்சுப் பெட்டியில போடறதுக்குள்ள வரிசை ரோடு வரைக்கும் போயிரும். ஆனாலும் பொறுமையா போட்டாங்க, நம்ம சனத்துக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்றவங்க ஒருநாள் பூத்துல வந்து ஒக்காந்து பாக்கோணும்.

கேம்ப்ல ஓட்டுப்பெட்டி சனத்தைத் தேடிப் போகுது. 2013 மார்ச்ல அங்க ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்துச்சு, அப்ப நடமாடும் வாக்குச்சாவடிகளை லேண்ட் ரோவர்லயும் சின்ன விமானத்துலயும் அனுப்புனாங்க. தீவுக்கரசாங்கமே நடத்துற விமானம் அது, ஐலாண்டர்னு பேரு, ஒரு வேன்ல ஏற்ற அளவு ஆளுதான் ஏறலாம், புல்லுத்தரையிலயே இறங்கும். ஒரு குடும்பம் ரெண்டு குடும்பம் இருக்கற தீவுக்கும் அதுல பெட்டி போச்சு. தர்மபுரி பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மெஷினைக் கழுதை மேல கட்டி ஏத்திட்டுப் போற போட்டோ ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் பேப்பர்ல வரும், பாத்திருப்பீங்க. பர்கூர் மலை, கடம்பூர் மலை டியூட்டி வந்தா டீச்சருங்க மொத நாளே மூட்டை கட்டிட்டுப் போயி ராத்திரி பள்ளிக்கூடத்துலயே படுத்து எந்திரிப்பாங்க. நாலு வீட்டுக்காகவா இத்தனை பாடுன்னு யாராச்சும் சலிச்சுக்கிட்டா எனக்கு ஆத்தாமையா வரும். அந்த நாலு வீடும் ஓட்டுப் போட்டாத்தான் அது பொதுத்தேர்தல்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். இவ்வளவு சின்ன ஊர்ல ஒருத்தர் ஓட்டு இன்னொருத்தருக்குத் தெரியாம இருக்க முடியுமா?

அங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தருக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல. நாளைக்கு விமானத்துல யாரு யாரு எங்கிருந்து எங்க போறாங்கன்னு பேரோட ரேடியோவுல வாசிக்கற வழக்கம் இருந்துச்சு. போன் வராத காலத்துல கேம்ப்காரங்க ஒடம்புக்கு முடியலைன்னா ஸ்டான்லி டாக்டர்கிட்ட ரேடியோவுலதான் பேசோணும், இவங்க நோவைச் சொல்றதையும் அவரு மருந்து சொல்றதையும் தீவு பூராவும் காது குடுத்துக் கேக்கும். அப்படி வாழ்ந்த சனம். இன்னாரு இன்னாருக்கு மாமன் மச்சான், இன்னாருக்கும் இன்னாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊரும் இதேதானுங்களே.

2013ல அந்த வாக்கெடுப்புல கேட்ட கேள்வி, பிரிட்டனோட கடல்கடந்த பகுதியா இப்ப இருக்கற மாதிரியே இருக்கலாமாங்கறது. அர்ஜென்டினா அந்தத் தீவுகளைத் தன்னோடதுன்னு சொல்லுது, மால்வினாஸ்னு அவங்க பேரு. 1982ல 74 நாளு சண்டையே நடந்துச்சு, 649 அர்ஜென்டினாக்காரங்களும் 255 பிரிட்டிஷ் படைக்காரங்களும் தீவுச்சனத்துல 3 பேரும் செத்துப் போனாங்க, அப்பப் புதைச்ச கண்ணிவெடியெல்லாம் எடுத்து முடிக்க 2020 ஆயிடுச்சு. அப்படி ஒரு காயம் இருக்கற ஊர்ல, ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப, வேண்டாம்னு ஒரு ஓட்டுப் போட எவ்வளவு தைரியம் வேணும்? 1,513 பேரு ஆமான்னாங்க. 3 பேரு இல்லைன்னாங்க. அந்த 3 ஓட்டையும் எண்ணி, 3ன்னு உலகத்துக்கே அறிவிச்சாங்க. சரியா தப்பாங்கறதை அந்தச் சனம் பாத்துக்கட்டும், அவங்க தீவு அது. எனக்கு முக்கியமாப் படறது அந்த 3 ஓட்டு எந்தப் பண்ணையில இருந்து வந்துச்சுன்னு சீட்டைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாதுங்கறதுதான். பொதுத்தேர்தல்லயும் முடிவை ஸ்டான்லிக்கு இத்தனை, கேம்ப்புக்கு இத்தனைன்னு தொகுதி மொத்தமாத்தான் சொல்றாங்க.

நம்ம பக்கம் என்ன நடக்குது? சீட்டு இருந்த காலத்துல பல பூத்துச் சீட்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கிட்டு எண்ணற வழக்கம் இருந்துச்சு. மெஷின் வந்ததுக்கப்புறம் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாத்தான் எண்ணுறாங்க. சாயங்காலம் பூத்துல நாங்க 17சி ஃபார்ம்ல மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவாச்சுன்னு எழுதி ஏஜெண்ட்டுகளுக்கு நகல் குடுக்கறோம், எண்ணி முடிச்சதும் பூத்துவாரியா யாருக்கு எத்தனைன்னு ஃபார்ம் 20ல வந்துருது, வெப்சைட்லயே பாக்கலாம். ஒரு பூத்துங்கறது எங்க பக்கம் ஒரு ஊரு, இல்லைன்னா ரெண்டு குக்கிராமமும் ஒரு காலனியும். அப்ப எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு அரசியல் பண்றவங்க விரல் விட்டுச் சொல்லிருவாங்க, அப்புறம் தண்ணி டேங்க்குக்கும் ரோட்டுக்கும் அலையற சனத்துக்கிட்ட, உங்க பூத்துல நமக்கு எத்தனை வந்துச்சுன்னு முதல்ல பாருங்கம்பாங்க. இது நானே என் காதால கேட்டது, வேற வேற காலத்துல வேற வேற கட்சிக்காரங்க வாயில இருந்து.

டோட்டலைசர்னு ஒரு மெஷின் இருக்குது. பதினாலு பூத்து மெஷினை ஒண்ணாச் சேத்து மொத்தக் கூட்டுத்தொகைய மட்டும் காட்டும், எந்த பூத்துல எத்தனைன்னு தெரியாது. 2008லயே தேர்தல் ஆணையம் இதைக் கேட்டுச்சு, 2015ல சட்ட ஆணையம் தன்னோட 255ஆவது அறிக்கையில வேணும்னு சிபாரிசே பண்ணுச்சு, மத்திய அரசு ஒத்துக்கல. பூத்துவாரி விவரம் தெரிஞ்சாத்தான் எங்க தப்பு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியும்னு எதிர்ப்பக்கத்துல ஒரு நியாயம் சொல்றாங்க, அது வெறும் சாக்குன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நான் தராசுல வெச்சுப் பாத்தா கூலிக்குப் போற பொம்பளையோட பயம்தான் எனக்குக் கனமா இருக்குது. வி.வி.பேட் வந்த புதுசுல அந்தக் கண்ணாடிக்குள்ள ஏழு செகண்டு சீட்டுத் தெரியும் பாருங்க, அதைப் பாத்துட்டு ஒரு அம்மா என்கிட்ட வந்து, "டீச்சர், இந்தச் சீட்டை எங்க தோட்டத்துக்காரருகிட்டக் குடுத்துருவாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லீங்கம்மா, யாருக்கும் குடுக்கமாட்டாங்க, நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு எனக்குக்கூடத் தெரியாதுன்னு சொன்னேன். அந்தம்மா மொகத்துல நம்பிக்கை வரல. ஏஜெண்ட் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாங்க.

சின்ன ஊர்ல ஓட்டுப் போடறவங்களை மறைச்சு வெக்கோணும், ஓட்டுக் கேக்கறவங்களை வெளிச்சத்துல நிறுத்தோணும். இந்த ரெண்டாவது பாதியில ஃபாக்லாந்துச் சனத்துக்கு நெம்ப வசதி. கட்சிச் சின்னம் இல்ல, தலைவர் படம் இல்ல, கூட்டணி இல்ல, நிக்கற ஆளே வந்து நான் இதைச் செய்வேன்னு சொல்லோணும். அங்க பெங்குயின் நியூஸ்னு ஒரு வாரப் பத்திரிகை இருக்குது, அதுலயும் ரேடியோவுலயும் ஆளாளுக்குத் தன்னோட திட்டத்தைச் சொல்றாங்க, பொதுக்கூட்டத்துல சனம் நேருக்கு நேரா கேள்வி கேக்குது. நேத்துக் கடையில பாத்த ஆளு, நாளைக்கும் பாக்கப்போற ஆளு, பொய் சொல்லிட்டு எங்க போயி ஒளிய முடியும்?

கேள்வி கேக்கவும் அங்க விஷயம் இருக்குது. ரோமத்தை நம்பியே இருந்த தீவு, 1986ல கடலைச் சுத்தி மீன்பிடி எல்லை அறிவிச்சு அடுத்த வருஷத்துல இருந்து வெளிநாட்டுக் கப்பலுக்கு லைசன்ஸ் வித்தாங்க, கணவாய் மீன்லதான் காசு. ஒரு சில வருஷத்துலயே அரசாங்கத்தோட வருமானம் எங்கயோ போயிருச்சு. பதினாறு வயசுக்கு மேல படிக்கோணும்னா பசங்க இங்கிலாந்துக்குத்தான் போகோணும், அந்தச் செலவை அரசாங்கமே குடுக்குது. ஒரு டீச்சரா இதைப் படிச்சப்ப எனக்குக் கண்ணு நெறைஞ்சுது. கணவாய்ல வந்த காசு பசங்க படிப்புக்குப் போகுது, அதைப் போறாப்பல பண்ணுனது அந்த எட்டுப் பேரு மாதிரி ஆளுகதான். எட்டுப் பேருல இருந்து வருஷா வருஷம் மூணு பேரைத் தேர்ந்தெடுத்து நிர்வாக சபைக்கு அனுப்புவாங்க, ஆளுநரோட ஒக்காந்து முடிவு எடுக்கற எடம் அது. ராணுவமும் வெளியுறவும் மட்டும் பிரிட்டன் கையில. 2013ல இருந்து எம்.எல்.ஏ. வேலை முழுநேரச் சம்பள வேலை ஆயிருச்சு, அதுக்கு முன்னால தொழிலையும் பாத்துக்கிட்டு இதையும் பாத்தாங்க.

எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்ல வரல. கட்சி இல்லைன்னா எட்டுப் பேரும் எட்டு வாக்குறுதி குடுத்துட்டு உள்ள வருவாங்க, ஒண்ணும் நடக்கலைன்னா மத்த ஏழு பேரு ஒத்துக்கலைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், யாரைத் தோக்கடிக்கறதுன்னு சனத்துக்குத் தெரியாது. கட்சிக்கு ஒரு பிரயோசனம் இருக்குதுங்கறதை நான் மறுக்கவே மாட்டேன். இன்னொண்ணு, கேம்ப்ல குடியிருக்கறது சில நூறு பேருதான், அவங்களுக்கு எட்டுல மூணு எடம். ரெண்டு தொகுதியையும் ஒண்ணாக்கிரலாமான்னு 2001, 2011, 2020ன்னு மூணு தடவை வாக்கெடுப்பு வெச்சாங்க, மூணு தடவையும் நிறைவேறல. தலையெண்ணிப் பாத்தா கேம்ப்புக்கு அத்தனை எடம் அதிகம்தான், ஆனா அதை எடுத்துட்டா ஆட்டுக்காட்டுக்காரன் பேச்சு சபையில கேக்கவே கேக்காது. தொகுதி மறுவரையறை பத்தி நாம பேசிக்கிட்டிருக்கற இந்த நேரத்துல, தலைக்கணக்கு மட்டுமே நியாயமான்னு யோசிக்க இதுவும் ஒரு எடம்.

ஓட்டு யாருக்கு உண்டுங்கறதும் அங்க ஒரு கேள்விதான். 3,662 பேருன்னு சொன்னேனே, 2013 வாக்கெடுப்புல பட்டியல்ல இருந்தது 1,650 பேரு பக்கம்தான். தீவு அந்தஸ்துன்னு ஒண்ணு இருந்தாத்தான் ஓட்டு. செயின்ட் ஹெலினா, பிலிப்பைன்ஸ், சிலின்னு பல ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க நெறையப் பேரு, வருஷக்கணக்கா இருந்து அந்த அந்தஸ்து வாங்குனாத்தான் பட்டியல்ல பேரு வரும். திருப்பூர்க்காரங்களுக்கு இது புதுசு இல்ல. பீகார்ல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்து பத்து வருஷமா பனியன் கம்பெனியில தைக்கறவனுக்கு ஓட்டு அவன் சொந்த ஊர்ல கெடக்குது, லீவு போட்டுட்டு ரயில் ஏறிப் போக முடியறவன் போறான், முடியாதவனுக்கு அங்கயும் இல்ல இங்கயும் இல்ல. அவன் பசங்க எங்க பள்ளிக்கூடத்துலதான் அ, ஆ எழுதிப் பழகுனாங்க. அவங்க அப்பன் ஆத்தாளுக்கு இந்த ஊரு கவுன்சிலர் யாரா இருக்கோணும்னு சொல்ல வழி இல்லைங்கறது எனக்கு இன்னைக்கும் மனசுக்கு ஒப்பல.

இப்ப நம்ம ஊராட்சிக்கு வருவோம். பல பேரு மறந்தே போயிட்டாங்க, தமிழ்நாட்டுலயும் வார்டு மெம்பர், ஊராட்சித் தலைவர் ரெண்டும் கட்சி சார்பில்லாத தேர்தல்தான். கட்சிச் சின்னம் கெடையாது, பூட்டுச் சாவி, ஆட்டோன்னு பொதுச் சின்னம்தான் குடுப்பாங்க. சட்டம் என்னமோ ஃபாக்லாந்து மாதிரிதான் எழுதி வெச்சிருக்குது. நடப்புல எந்தக் கட்சி ஆளுன்னு சாமத்துல எழுப்பிக் கேட்டாலும் ஊரு சொல்லும். அதுகூடப் பரவாயில்ல. காசுதான் கஷ்டம். 2016ல அரவக்குறிச்சித் தேர்தலையே காசு விநியோகம்னு சொல்லித் தள்ளி வெச்சாங்க, தஞ்சாவூரும் அதோட, அப்புறம் நவம்பர்லதான் நடந்துச்சு. அது சட்டசபைத் தேர்தல், பேப்பர்ல வந்துச்சு. ஊராட்சியில நடக்கறது எந்தப் பேப்பர்ல வருது? சில ஊர்கள்ல தலைவர் பதவியக் கோயில் திடல்ல ஏலமே விட்டுடறாங்க, கோயிலுக்கு இவ்வளவு குடுக்கறேன்னு எடுத்தவரை எதிர்ப்பில்லாம ஜெயிக்க வெச்சுடறாங்க. ஊரு ஒத்துமையா இருக்குதுன்னு அதுக்கு ஒரு பெருமை வேற. ஏலத்துக்கு வந்து கை தூக்க முடியாத காலனிச் சனத்தை அந்த ஒத்துமையில யாரு கேட்டாங்க? அவங்க பேச்சு எடுபடற ஒரே எடம் ஓட்டுப் போடற மறைப்புக்குள்ளதான், அதையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்?

எதிர்த்து நிக்கவும் நம்ம சனத்துக்குத் தெரியும். 1996ல மொடக்குறிச்சியில என்ன பண்ணுனாங்க? விவசாயிக கோரிக்கைய யாரும் காது குடுத்துக் கேக்கலைன்னு ஒரே தொகுதியில 1,033 பேரு வேட்பாளரா நின்னாங்க. ஓட்டுச்சீட்டைப் புஸ்தகமாத் தைச்சுக் குடுக்க வேண்டியதாப் போச்சு, தேர்தலே ஒரு மாசம் தள்ளிப் போச்சு. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழல. அதுக்கப்புறம் சட்டசபைக்கு 250 ரூவாயா இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்குனாங்க. நெறையப் பேரு இதை வேடிக்கைக் கதையாச் சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணினதே இல்ல. தண்ணிக்கும் வெலைக்கும் மனுக் குடுத்துக் குடுத்துச் சலிச்ச சனம் நாமினேஷன் பேப்பரையே மனுவா எழுதிக் குடுத்துச்சு. அதுக்கு வந்த பதில் டெபாசிட் ஒசந்ததுதான்.

ஃபாக்லாந்துல நாலு வருஷம்னா நாலு வருஷத்துக்கு ஒருக்காத் தேர்தல் வெச்சிடறாங்களே, அதைப் பாத்துத்தான் எனக்கு ஏக்கமா இருக்குது. நம்ம ஊராட்சித் தேர்தல் 2016 அக்டோபர்ல வரவேண்டியது கோர்ட்டுல நின்னுபோச்சு, அப்புறம் 2019 டிசம்பர் வரைக்கும் தனி அலுவலர், தலைவருக்குப் பதிலா அரசாங்கம் போடற அதிகாரி. அப்பத் தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுது, மறுபடியும் தனி அலுவலர். தெருவிளக்கு எரியலைன்னா முன்னெல்லாம் மெம்பர் ஊட்டு வாசல்ல போயிச் சத்தம் போடலாம். தனி அலுவலரு நல்லவராத்தான் இருப்பாரு, ஆனா அவரு கையில எத்தனை ஊராட்சி, அவரு ஊடு எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்.

அதனால எங்க ஊர்ல ஒரு ஏற்பாடு பேசிட்டு இருக்கோம். தேர்தல் அறிவிச்சு நாமினேஷன் முடிஞ்சதும், தலைவருக்கு நிக்கற எல்லாரையும் ஒரே நாள்ல ஒரே மேடையில ஒக்கார வெச்சுக் கேள்வி கேக்கறதுன்னு. எடம் கோயில் திடல் வேண்டாம்னு நான் ஒரே பிடியா நின்னேன், அங்க எல்லாரும் வந்து ஒக்காருவாங்கன்னு சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்பல இருக்கற காலி மந்தையிலன்னு முடிவாச்சு, காலனிக்கும் அது பக்கம், ஊருக்கும் பக்கம். கேள்விய எழுந்து நின்னு கேக்க வேண்டாம், பேரு போடாம துண்டுச் சீட்டுல எழுதி ஒரு டப்பாவுல போட்டுரலாம், எழுதத் தெரியாதவங்களுக்கு எங்கிட்டப் படிச்ச காலேஜ் புள்ளைக எழுதிக் குடுப்பாங்க, நான் வாசிப்பேன். எங்க கொழுந்தனாரு, "அண்ணி, எவன் வருவானுங்க, வந்தா மாட்டிக்குவோம்னு தெரியாதா அவனுகளுக்கு"ன்னு கேட்டாரு. வராதவரு நாற்காலியக் காலியாவே மேடையில போட்டு வெச்சிருவோம், பேரு எழுதி.

இப்பவே சீட்டு வர ஆரம்பிச்சிருச்சு. கீழ்பவானித் தண்ணி கடைமடைக்கு வராததைப் பத்தி அஞ்சாறு பேரு. நூறு நாள் வேலைச் சம்பளம் எப்ப வரும்னு பொண்டுக எல்லாரும். குப்பைக் கெடங்கு எங்க வைப்பீங்கன்னு ஒரு பையன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருஷத்துல ஆறு கிராமசபை இருக்குதே, அதுல வரவுசெலவை மைக்ல வாசிப்பீங்களா மாட்டீங்களான்னு ஒரு சீட்டு, கையெழுத்து நல்லா முத்து முத்தா, எந்த வருஷத்துப் புள்ளைன்னு எனக்குத் தெரியுது, சொல்லமாட்டேன். நேத்து வந்ததுல ஒண்ணு பென்சில்ல கோணல்மாணலா எழுதியிருந்துச்சு: "எங்க தெருவுக்கு ஓட்டுக் கேக்க வந்தா ஊட்டுக்குள்ள வந்து தண்ணி குடிப்பீங்களா?" இதைத்தான் மொதல்ல வாசிக்கறதா இருக்கேன்.